பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: காயலான் கடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

வீட்டு ஷெட்டில் தாத்தா காலத்து அமெரிக்க கார் ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறதா? இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது, ஆனா 'டி'யில் போட்டா வண்டி நகர மாட்டேங்குதா? கோவில்பட்டி பக்கம் லாரி, டிராக்டர், பஸ் என எந்த கியர்பாக்ஸை இறக்கச் சொன்னாலும் அசராத மெக்கானிக்குகள்கூட, "ஆட்டோமேட்டிக்கா? அது நமக்கு வேணாம்ணே" என்று ஜகா வாங்குவார்கள். அடுத்த யோசனை உடனே வரும்: "டீசல் இன்ஜின் ஒண்ணு, மேனுவல் கியர்பாக்ஸ் ஒண்ணு போட்டுக்கலாம். பழசைக் காயலான் கடைக்குப் போட்டுடலாம்."

கொஞ்சம் பொறுங்க. நாம் பயப்படுகிற அளவுக்கு அந்தப் பெட்டிக்குள் மந்திரம் எதுவும் இல்லை. நிதானமும் சுத்தமும் இருந்தால், பெரும்பாலான பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களை மீட்டுவிடலாம்.

ஏன் இந்த பயம்?

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் கார்களை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. நம்ம பக்கத்தில் அந்த கார்களை விற்றது மதுரை டி.வி.எஸ். ஆனால், 1954-ல் ஜி.எம். பம்பாய் ஆலையை மூடிவிட்டுக் கிளம்பியது. அதன் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வேறு. தூதரகங்கள் மூலம் வந்த இம்பாலா போன்ற கார்கள் பிறகு ஏலத்தில் கைமாறின. கார் வந்தது, ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் வரவில்லை. பெட்ரோல் செலவும் சேர்ந்துகொள்ள, எத்தனையோ கார்கள் டீசலுக்கு மாறின. ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தொட்டுப் பழகவே நம் மெக்கானிக்குகளுக்கு வாய்ப்பு இல்லாமல் போனது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. 50 வருடங்களைத் தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் நம்பர் கிடைக்கும். ஆனால், வண்டி ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும்; சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

உள்ளே என்னதான் இருக்கு?

ஜி.எம். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் கொடுத்த 'ஹைட்ரா-மேட்டிக்'தான் பெரிய அளவில் விற்பனையான முதல் முழு ஆட்டோமேட்டிக். 1950-ல் செவர்லே 'பவர்கிளைடு' வந்தது. முன்னோக்கிப் போக இரண்டே கியர்கள். எளிமையான அமைப்பு என்பதால், கற்றுக்கொள்ள இதுதான் நல்ல பாடப்புத்தகம்.

இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் ஆயில் என்றால், அதுதான் டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் கிளட்ச் பெடல் தேவைப்படாததற்கு இதுதான் காரணம்.

அதன் பின்னால் பிளானட்டரி கியர் செட். நடுவில் சூரியன் மாதிரி ஒரு பல்சக்கரம், சுற்றிலும் கோள்கள் மாதிரி சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இதில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறும். பவர்கிளைடில் லோ கியருக்கு ஒரு டிரம்மை 'பேண்ட்' இறுக்கிப் பிடிக்கும். ஹை கியரில் பேண்ட் விட்டுவிட, கிளட்ச் பிளேட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைக்கும். ரிவர்ஸுக்கு வேறொரு கிளட்ச், வெளி வளையத்தை நிறுத்தும்.

எப்போ மாற்றணும் என்று முடிவு செய்வது யார்? கம்ப்யூட்டர் இல்லாத காலம். 'வால்வு பாடி' என்ற உலோகப் பலகைக்குள் ஒரு தராசு இருக்கு. வண்டியின் வேகம் கூடக்கூட கவர்னர் அனுப்பும் ஆயில் பிரஷர் ஒரு பக்கம், நீங்க ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் அளவுக்கான பிரஷர் மறு பக்கம். வேகத்தின் தட்டு கனத்தால் கியர் மாறும். அவ்வளவுதான். நம்ம ஊரில் 2014-ல் செலேரியோவில் வந்து பிரபலமான ஏ.எம்.டி. வேற வகை; அது மேனுவல் பெட்டியிலேயே கிளட்ச், கியர் வேலையை மெஷின் செய்வது.

கழற்றும் முன் மூணு செக்

பெட்டியை இறக்குவதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்க. பாதிப் பிரச்னை இங்கேயே முடிந்துவிடலாம்.

1. ஆயில்: இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலிங்கில் ஓடவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்க. நல்ல ஆயில் சிவப்பாக இருக்கும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் கருகியிருக்கு என்று அர்த்தம்.

2. வேக்குவம் மாடுலேட்டர்: ஆயில் குறைந்துகொண்டே போகுது, ஆனா தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகலை, சைலன்சரில் வெள்ளைப் புகை... இப்படி இருந்தால் மாடுலேட்டர் உள்ளே இருக்கும் ரப்பர் ஜவ்வு கிழிந்து, இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சிக் குடிக்குது. பெட்டியை இறக்காமலே மாற்றக்கூடிய சின்ன உதிரிபாகம் இது.

3. ரேடியேட்டர்: பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயில் குளிர்வது ரேடியேட்டருக்கு உள்ளே இருக்கும் குழாயில்தான். நம்ம கரிசல் பூமியின் உப்பு போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் அந்தக் குழாய் அரித்து, தண்ணீரும் ஆயிலும் கலக்கும். ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் இதுதான் காரணம். கிளட்ச் பிளேட்டின் ஒட்டு தண்ணீரில் விட்டுப்போகும். அப்போ பிளேட்டுகளோடு ரேடியேட்டரையும் சரி செய்யணும். இனிமேலாவது கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்க.

ஒரு எச்சரிக்கை: வண்டியை 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மதுரைக்கு இழுத்துப் போவதாக இருந்தால், பின் சக்கரம் தரையில் உருள விடாதீங்க. இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது, காய்ந்தே தேயும். லாரியில் ஏற்றுங்க, இல்லைன்னா புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிடுங்க.

வில்லன் தூசிதான்

வால்வு பாடிக்குள் ஓடும் வால்வுகளுக்கும் அவற்றின் துளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி முடியைவிட மெல்லியது. ஒரு துகள் சிக்கினால் வால்வு நின்றுவிடும், கியர் மாறாது. கரிசல் மண் காய்ந்தால் மாவு மாதிரி பறக்கும். ஆடிக் காற்று அடிக்கும்போது ரோட்டைப் பார்த்துத் திறந்திருக்கும் பட்டறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கதவு மூடிய அறை, கழுவித் துடைத்த மேஜை, ஃபேன் ஆஃப்.

அதைவிட முக்கியம், பட்டறைகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட். பஞ்சாலை ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனா இங்கே பஞ்சும் நூலும் எதிரி. ஒரு நூலிழை போதும், ஆயில் வழியை அடைக்க. மண்ணெண்ணெயில் கழுவுங்க, கம்ப்ரஸர் காற்றில் உலர்த்துங்க. துடைக்கவே வேண்டாம். பெட்ரோலில் கழுவும் பழக்கம் ஆபத்து. மூடிய அறையில் சின்னப் பொறி போதும்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் போட்டோ எடுங்க. கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்க. வால்வு பாடியில் இருந்து வரும் குட்டி பால், ஸ்பிரிங்குகளைத் தனித்தனியாக வைக்க நம்ம ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? ஒவ்வொன்றின் மேலும் எங்கிருந்து எடுத்தது என்று எழுதிவிடுங்க.

திரும்ப மாட்டும்போது

பழைய சீல், ஓ-ரிங், பேக்கிங் எதையும் மறுபடி போடாதீங்க. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் கல்லாகியிருக்கும். அமெரிக்காவில் பவர்கிளைடுக்கு முழு ரீபில்டு கிட் இன்றும் விற்பனையில் இருக்கு. டிராக் ரேஸ்காரர்கள் இன்னமும் இந்தப் பெட்டியை விரும்புவதே காரணம். ஆர்டர் போடும் முன் பெட்டியைப் பாருங்க. பழையது வார்ப்பிரும்பு, 1962-ல் அலுமினியம் வந்தது. ஒன்றின் பாகம் மற்றதில் சேராது.

புது கிளட்ச் பிளேட்டுகளைப் பெட்டியில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் நன்றாக ஊறவைத்துத்தான் மாட்டணும். காய்ந்த பிளேட் முதல் ஓட்டத்திலேயே கருகிடும். வாஷர், பால் விழாமல் ஒட்டிவைக்க கிரீஸ் வேண்டாம். அது ஆயிலில் கரையாமல் வழியை அடைக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் வாசலின் போதும். பிளேட்டுகளின் இடைவெளியை ஃபில்லர் கேஜ் வைத்து அளந்து, மேனுவல் சொல்லும் அளவில் இருக்கான்னு பாருங்க. பேண்டை இறுக்குவதும் அப்படித்தான்: டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு இறுக்கி, சொன்ன சுற்று திரும்பத் தளர்த்தணும். கைக்கணக்கு இங்கே செல்லாது.

மூடும் முன் ஆயில் துளையில் கம்ப்ரஸர் காற்றை மெதுவாக விடுங்க. கிளட்ச் 'டொப்' என்று பிடிக்கும் சத்தம் கேட்டால் சீல் சரியாக உட்கார்ந்திருக்கு. 'உஸ்ஸ்' என்று மட்டும் கேட்டால் இப்பவே பிரிச்சுப் பாருங்க.

பெட்டியை ஏற்றும்போது டார்க் கன்வெர்ட்டர் முழுசா உள்ளே போயிருக்கணும். சுற்றிச் சுற்றித் தள்ளினால் படிப்படியாக இறங்குவது கையில் தெரியும். அது உட்காராமல் போல்ட்டைப் போட்டு இழுத்தால், முன் பம்ப் உடையும். மொத்த உழைப்பும் அந்த ஒரு நிமிஷத்தில் போயிடும்.

கடைசியாக, ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியருக்கும் ஒருமுறை போய் வாங்க. அளவு இறங்கும், டிப்ஸ்டிக் பார்த்து மறுபடி நிரப்புங்க. 'டைப் ஏ' என்று பழைய மேனுவலில் இருந்தால், இன்றைய டெக்ஸ்ரான் வகை ஆயில் போதும்.

யார்கிட்ட கொடுக்கலாம்?

ஆட்டோமேட்டிக் தெரிந்த ஆள் பக்கத்தில் கிடைக்கலைன்னா, மில் மெஷினோ டீசல் பம்போ பிரித்துப் பழகிய பொறுமையான ஃபிட்டரைத் தேடுங்க. அச்சடித்த சர்வீஸ் மேனுவலை அவர் கையில் கொடுங்க. அவசரப்படுத்தாதீங்க. ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. காயலான் கடைக்குப் போன கியர்பாக்ஸ் எத்தனை வருஷம் தேடினாலும் திரும்பி வராது.