ஓடாத சைக்கிளும் கலோரிக் கணக்கும்

உடற்பயிற்சிக் கூடங்களிலும் இல்லங்கள் சிலவற்றிலும் இன்று ஓடாத சைக்கிள் ஒன்று இடம்பெற்றிருக்கிறது. அரை மணி நேரம் மிதித்து இறங்குபவருக்கு அதன் முகப்பிலுள்ள சிறு திரை '300 கலோரி' என்று காட்டுகிறது. ரொட்டி சானாய் ஒன்று தரும் சத்து ஏறத்தாழ அவ்வளவே. 'அப்படியானால் ஒன்று உண்டாலும் கணக்குச் சரியாகிவிடும்' என்று மிதித்தவர் எண்ணுவது இயல்பு. ஆனால், அந்த எண் மெய்யானதுதானா?

கலோரி என்பது வெப்பத்தின் அளவையாகும். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையானது ஒரு கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது இதையே சுருக்கமாகக் கலோரி என்கின்றனர். இஃது ஏறத்தாழ 4.18 கிலோ ஜூலுக்குச் சமம்.

உடல் உழைக்கும்போது உயிர்வாயு மிகுதியாகச் செலவாகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லவாசியே 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அளந்து காட்டினார். ஒரு லிட்டர் உயிர்வாயு செலவானால் ஏறத்தாழ 5 கலோரி வெளிப்படும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1913ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் ஆகஸ்ட் குரோக், உழைப்பை அளக்கும் சைக்கிள் ஒன்றை விளக்கி எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்காவில் பெனடிக்ட், கேத்கார்ட் என்னும் இருவர், சைக்கிள் மிதிப்பவரின் உழைப்பையும் மூச்சையும் ஒருங்கே அளந்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். இத்தகைய ஆராய்ச்சிகள் காட்டிய உண்மை இது: மிதிப்பவர் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையே மிதிகட்டையைச் சேர்கிறது. எஞ்சியது உடற்சூடாகிறது. வியர்வை பெருகுவதன் காரணம் இதுவே.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒருவர் 100 வாட் அளவில் 30 நிமிடம் மிதிக்கிறார் என்க. ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். எனவே, 100 × 1,800 = 1,80,000 ஜூல்; அதாவது 180 கிலோ ஜூல். இதை 4.18ஆல் வகுத்தால் 43 கலோரி. இது மிதிகட்டையைச் சேர்ந்த உழைப்பு மட்டுமே. இது நான்கில் ஒரு பங்கானால் உடலின் செலவு 172 கலோரி. ஐந்தில் ஒரு பங்கானால் 215 கலோரி. ஆகவே, அவர் செலவிட்டது சுமார் 200 கலோரி எனலாம், 300 அன்று.

மிகை எங்கிருந்து வந்தது? சில இயந்திரங்கள் மிதிப்பவரின் எடையைக் கேட்பதில்லை. சில, சக்கரத்தின் தடையைச் சரிவர அளவாமல் வேகத்தைக் கொண்டே கணிக்கின்றன. சில, சும்மா இருந்தாலும் உடல் செலவிடுவதையும் சேர்த்துவிடுகின்றன. 70 கிலோ எடையுள்ளவர் நாற்காலியில் அமர்ந்திருந்தாலே அரை மணியில் ஏறத்தாழ 35 கலோரி செலவாகும். நாடித் துடிப்பைக் கொண்டு கணிப்பதும் முற்றும் நம்பத்தக்கதன்று. புழுக்கத்தினாலும் மனக்கலக்கத்தினாலும் நாடி விரையும். இரத்த அழுத்தத்திற்கான சில மருந்துகளால் அது தணியும்.

நாளொன்றுக்கு 100 கலோரி பிழை சிறிதாகத் தோன்றலாம். ஆனால், ஒரு கிலோ கொழுப்பின் சக்தி ஏறத்தாழ 7,700 கலோரி. திரையை நம்பி நாள்தோறும் 100 கலோரி மிகையாக உண்பவர், கணக்கின்படி 77 நாளில் ஒரு கிலோ கூடுவார். 'இவ்வளவு மிதித்தும் எடை குறையவில்லையே' என்று மனம் தளர்ந்து பயிற்சியையே கைவிடுவோரும் உண்டு. நீரிழிவுக்காக உணவை அளந்து உண்பவர்க்கோ இப்பிழை மேலும் கேடு தரும்.

எனினும், திரையிலுள்ள எண் பயனற்றதன்று. அதே சைக்கிளில் நேற்றைய உழைப்பையும் இன்றைய உழைப்பையும் ஒப்பிட அது உதவும். மெய்க்கணக்கு வேண்டுவோர் வாட் அளவைக் காட்டும் சைக்கிளைத் தேடுதல் நலம். அதில் கிலோ ஜூல் எவ்வளவோ, கலோரியும் ஏறத்தாழ அவ்வளவே எனக் கொள்ளலாம். வகுப்பில் பெருக்கலும் வகுத்தலும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது நல்லதொரு பயிற்சிக் கணக்குமாகும். எந்த எண்ணையும் அது பிறந்த வழியை அறிந்த பின்னரே நம்ப வேண்டும் என்பதை மாணவர் இதனால் உணர்வர்.