முக்கோணம் சாயாது!

குழந்தைகளே! நான்கு தீக்குச்சிகளை எடுத்து, மூலைகளில் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளைச் செருகி ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளுங்கள். சாய்ந்து விடுகிறதல்லவா? இப்போது மூன்று குச்சிகளில் முக்கோணம் செய்து தள்ளிப் பாருங்கள். சாயாது!

பல வருடங்களுக்கு முன், தேனி பக்கத்தில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை நடத்தினேன். "சதுரத்தைச் சாயாமல் நிறுத்த என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். வகுப்பே விழித்தது. கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மாணவி மெல்ல எழுந்தாள்.

நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை அவள். சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவில் அவள் அம்மா பாசிமணி விற்பார். திருவிழா நடக்கும் ஊர்களுக்கெல்லாம் குடும்பமே போய்விடுவதால், பாதி நாள் அவள் பள்ளிக்கு வரமாட்டாள். வாய்ப்பாடு சரியாகத் தெரியாது. அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நானும் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

"மூலைக்கு மூலை குறுக்கே ஒரு நீளப்பாசி கோக்கணும் சார். எங்கம்மா அப்படித்தான் செய்யும். அப்பதான் பதக்கம் நெளியாது" என்றாள்.

கரும்பலகையில் சதுரத்துக்குள் அந்தக் குறுக்குக் கோட்டைப் போட்டேன். சதுரம் இரண்டு முக்கோணங்களாகி விட்டது! அந்தக் கோட்டுக்குக் கணக்கில் 'மூலைவிட்டம்' என்று பெயர். பெயர் தெரியாமலே அவள் விரல்கள் அதைத் தெரிந்து வைத்திருந்தன.

மறுநாள் பாசியும் நூலும் கொண்டு வந்தாள். இடைவேளையில் வகுப்பே அவளைச் சுற்றி உட்கார்ந்து கொண்டது. இத்தனை நாள் அவளைத் தனியே விட்டது என் தவறுதான்.

முக்கோணம் ஏன் சாயாது? சதுரத்தின் பக்கங்கள் அப்படியே இருக்க, கோணங்கள் மட்டும் மாறி அது சாய்சதுரம் ஆகிவிடும். முக்கோணத்தில் அது நடக்காது. மூன்று பக்கங்களின் நீளம் மாறாத வரை கோணங்களும் மாறாது. லோயர்கேம்ப் பக்கம் போனால் மின்கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்களைப் பாருங்கள். எங்கும் முக்கோணமே தெரியும்!

மணி கோப்பது நம் மண்ணில் மிகப் பழைய கலை. நம் வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை மதுரையைத் தாண்டி ஓடும் வழியில் கீழடி இருக்கிறது. அங்கே 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் கண்ணாடி மணிகளும், சூதுபவளம், அகேட் போன்ற கல்மணிகளும் கிடைத்தன. சூதுபவளக் கல் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை. குஜராத் போன்ற தொலைதூரப் பகுதிகளில் கிடைப்பது அது. அந்தக் காலத்திலேயே மணிக்காக எவ்வளவு தூரம் வணிகம் நடந்திருக்கிறது, பாருங்கள்!

பின்லாந்து நாட்டில் வைக்கோல் குழல்களை நூலில் கோத்து, 'ஹிம்மெலி' என்ற தொங்கும் அலங்காரம் செய்கிறார்கள். அதிலும் முக்கோணங்கள்தான். நாம் காகிதத்தில் செய்வோமா?

தேவையானவை: பழைய வண்ணக் காகிதம், பசை, உறுதியான நூல், ஊசி, காலி ரீஃபில், காதணிக் கொக்கி இரண்டு.

செய்முறை:

1. 2 செ.மீ. அகலக் காகிதத் துண்டுகளை ரீஃபில் மேல் இறுக்கிச் சுற்றி, ஓரத்தை ஒட்டி, உருவி எடுங்கள். ஒரே நீளத்தில் 12 குழல்கள் வேண்டும். பசை நன்றாகக் காயட்டும்.

2. மூன்று குழல்களைக் கோத்து முடிச்சிடுங்கள். முக்கோணம் தயார். நூலை வெட்டாதீர்கள்.

3. அதே நூலில் இன்னும் இரண்டு குழல்களைக் கோத்து, பக்கத்து மூலையில் முடிச்சிடுங்கள். இரண்டாவது முக்கோணம் வந்துவிடும்.

4. ஊசியை முதல் முக்கோணத்தின் குழல் வழியாக மூன்றாவது மூலைக்குக் கொண்டு போங்கள். ஆறாவது குழலைக் கோத்து, இரண்டாவது முக்கோணத்தின் உச்சியில் இழுத்துக் கட்டுங்கள்.

அடடா! தட்டையாகக் கிடந்தது எழுந்து நிற்கும். நான்கு முகமும் முக்கோணமான இதற்கு 'நான்முகி' என்று பெயர். இதே போல இன்னொன்று செய்து கொக்கியில் மாட்டினால் ஜோடிக் காதணி!

அடுத்த முறை திருவிழாவில் பாசிமணி விற்பவர்களைப் பார்த்தால் சற்று நின்று, அவர்கள் விரல்களைக் கவனியுங்கள். அங்கே ஒரு கணக்குப் பாடம் நடந்து கொண்டிருக்கும்.