மனத்தை அளக்கும் கணக்கு: கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி கூறுவதும் கூறாததும்

மனச்சோர்வு, தனிமையுணர்வு போன்றவற்றை நேரடியாக அளக்க இயலாது. வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டே அவற்றை மதிப்பிட வேண்டியுள்ளது. இதற்கு உளவியல் ஆய்வாளர்கள் பரவலாகக் கையாளும் புள்ளியியல் முறையே கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி.

தோற்றம் என்ன?

பிரிட்டன் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன் 1904-இல் காரணிப் பகுப்பாய்வுக்கு அடித்தளமிட்டார். அமெரிக்க மரபியலாளர் சீவல் ரைட் பாதைப் பகுப்பாய்வை உருவாக்கி, 1921-இல் விரிவாக விளக்கினார். இவ்விரண்டையும் இணைத்த சுவீடன் புள்ளியியலாளர் கார்ல் யோரெஸ்கோக், 1970-களில் 'லிஸ்ரல்' மென்பொருள் வழியாக இம்முறையைப் பரவச் செய்தார். தற்போது 'ஆர்' கணினி மொழியில் இயங்கும் 'லவான்' தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

எவ்வாறு செயல்படுகிறது?

மனச்சோர்வை அறிய உதவும் 'பிஎச்கியூ-9' பட்டியலில் 9 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. மதிப்பெண்களை வெறுமனே கூட்டும்போது, எல்லா வினாக்களும் சம எடை பெறுகின்றன. அளவீட்டுப் பிழையும் அதில் கலந்துவிடுகிறது.

இம்முறையோ, ஒவ்வொரு விடையிலும் மனச்சோர்வால் விளைந்த பகுதியையும் எஞ்சிய பகுதியையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. இது 'அளவீட்டு மாதிரி' எனப்படும். தனிமையுணர்வு மனச்சோர்வை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பது போன்ற உறவுகளைக் குறிப்பது 'கட்டமைப்பு மாதிரி'.

இந்தியாவில் ஏன் முக்கியம்?

ஒரே வினாப்பட்டியல் பல இந்திய மொழிகளில் பயன்படுத்தப்படும்போது, வினாக்கள் எல்லா மொழிகளிலும் ஒரே பொருளைத் தருகின்றனவா என்பதைச் சோதிக்க வேண்டும். உடலுழைப்பால் வரும் களைப்பையே ஒரு மொழியினர் 'சோர்வு' எனப் புரிந்துகொண்டால், அவர்களது மதிப்பெண் உயரக்கூடும். 'அளவீட்டுச் சமநிலை'ச் சோதனை இத்தகைய வேறுபாட்டை வெளிக்கொணர உதவும். அதைச் செய்யாமல் மாநிலங்களின் சராசரிகளை ஒப்பிட்டால், மொழிபெயர்ப்பின் குறை மனநலக் குறையாகத் தோன்றிவிடும்.

எச்சரிக்கை தேவை

மாதிரி தரவுகளுடன் பொருந்துகிறதா என்பதை அறிய, 'சிஎஃப்ஐ' 0.95-க்கு அருகிலோ அதற்கு மேலோ, 'ஆர்எம்எஸ்இஏ' 0.06-க்கு அருகிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்ற 1999-ஆம் ஆண்டின் பரிந்துரை பெரிதும் பின்பற்றப்படுகிறது. எனினும், நல்ல பொருத்தம் காரண உறவுக்குச் சான்றாகாது. ஒரே நேரத்தில் திரட்டிய தரவுகளில், தனிமையிலிருந்து மனச்சோர்வுக்குச் செல்லும் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டாலும் அதே பொருத்தம் கிடைக்கலாம். எது காரணம், எது விளைவு என்பதைக் கோட்பாடும், தொடர் கண்காணிப்பும், பரிசோதனையுமே தீர்மானிக்க முடியும்.