நாய்க்கு முடி கொட்டுவது நோயா?

ஆட்டுப்பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் காவலாக வளர்க்கும் நாய்க்கு ஆண்டு முழுவதும் முடி கொட்டுகிறது என்ற குறையைக் கிராமங்களில் பரவலாகக் கேட்கலாம். திண்ணை, கயிற்றுக்கட்டில், சாக்கு என்று எங்கும் முடி. சோற்றுத் தட்டில் ஒரு முடி விழுந்துவிட்டால் போதும், நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழும். வேறு சிலர் இது சொறிதான் என்று தாமே முடிவு செய்துகொண்டு, பருத்திக்கு அடித்து மீந்த பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயின் முதுகில் ஊற்றிவிடுகிறார்கள். அன்று இரவே நாய் செத்துப்போவதும் உண்டு. முடி கொட்டுவதில் இயற்கையானது எது, நோயால் வருவது எது என்று பிரித்தறியத் தெரிந்துகொண்டால் இந்த இரண்டு இழப்பையும் தவிர்க்கலாம்.

நாயின் முடி இடைவிடாமல் வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. சில காலம் வளரும். பிறகு வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும். அடியில் புதுமுடி முளைத்ததும் பழையது கழன்று விழும். இதற்குக் காலக்கணக்கு வைப்பது முக்கியமாகப் பகலின் நீளம். குளிர் நாடுகளில் பகல் நீளும்போதும் குறையும்போதும் ஆண்டுக்கு இருமுறை நாய்க்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். மற்ற மாதங்களில் குறைந்துவிடும். நம் நாட்டு நிலைமை வேறு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1½ மணி நேரம்தான். லண்டனில் அது 8½ மணி நேரத்துக்கும் அதிகம். இங்கே பகல் அவ்வளவாக மாறாததால், முடி ஒரே காலத்தில் கொட்டித் தீராமல் சிறிது சிறிதாக ஆண்டு முழுவதும் உதிர்கிறது. இதற்கு மருந்து தேவையில்லை. மருந்தால் நிறுத்தவும் முடியாது.

இனத்தைப் பொறுத்தும் அளவு மாறும். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாய்களுக்குக் குட்டையான முடி. ராஜபாளையம் நாய் வெள்ளையாக இருப்பதால் அதன் முடி கறுப்புக் கம்பளியில் பளிச்சென்று தெரியும். அதனாலேயே அதிகம் கொட்டுவதாகத் தோன்றும். அல்சேஷன், பொமரேனியன், லேப்ரடார் போன்றவற்றுக்கு மேல்முடிக்கு அடியில் பஞ்சு போன்ற அடிமுடி ஒன்று உண்டு. கொட்டிக் குவிவது பெரும்பாலும் அதுவே. நகரத்து உறவினர் ஆசையாகக் கொடுத்த அல்சேஷன் குட்டியை வாங்கிக் கட்டியவர்கள் இதற்குத் தயாராகவே இருக்க வேண்டும். வெயில் காலம் என்று அதற்கு மொட்டையடிப்பது தவறு. வெயில் நேரே தோலில் படும். வெட்டிய முடி ஒழுங்காக முளைக்காமலும் போகலாம். பெட்டை நாய்க்குக் குட்டி போட்ட சில வாரங்களில் முடி மிகுதியாகக் கொட்டுவதும் இயற்கையே. பால் வற்றியபின் மீண்டும் முளைத்துவிடும்.

வீட்டிலேயே பார்த்தறிய

நாயை வெளிச்சத்தில் நிறுத்தி, முடியை எதிர்த்திசையில் விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். தோல் சுத்தமாக, பொடுகோ சிவப்போ இல்லாமல் இருந்து, உடல் முழுதும் முடி ஒரே சீராக இருந்து, நாயும் சொறியாமல் இருந்தால், எவ்வளவு கொட்டினாலும் கவலை வேண்டாம். வழுக்கைத் திட்டு, புண், துர்நாற்றம், இடைவிடாத அரிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நோயின் அடையாளம்.

அரிப்புச் சொறியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உள்ளது. காது மடலின் ஓரத்தை இரு விரல்களுக்கு இடையே வைத்துச் சில விநாடி தேய்க்க வேண்டும். நாய் உடனே பின்னங்காலைத் தூக்கிக் காற்றில் சொறிந்தால் பெரும்பாலும் அது சொறியே. கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகள் தோலைத் துளைப்பதால் இது வருகிறது. காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் முதலில் முடி போகும். நாயோடு படுத்து விளையாடும் குழந்தைகளின் கையிலும் வயிற்றிலும் அரிப்புக் கொப்புளம் கண்டால், நாயையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இது பூசணத்தால் வருவது. குழந்தைகளுக்கும் கன்றுகளுக்கும் தொற்றும். குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் அதிக அரிப்பின்றி முடி போவது வேறு வகைச் சொறி, தாயிடமிருந்து வருவது, மனிதருக்குத் தொற்றாது. வாலடியில் மட்டும் முடி தேய்ந்திருந்தால் தெள்ளுப்பூச்சியைத் தேட வேண்டும். நடுத்தர வயது நாய்க்கு அரிப்பே இல்லாமல் இரு விலாவிலும் ஒன்றுபோல் முடி உதிர்ந்து, உடல் பெருத்து, மந்தமாகப் படுத்துக் கிடந்தால் தைராய்டு சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். அதை ரத்தப் பரிசோதனையால்தான் அறிய முடியும்.

கஞ்சி மட்டும் போதாது

நோய் ஏதுமில்லாமலே முடி மங்கி, சொரசொரப்பாகி, அளவுக்கு மீறிக் கொட்டுவதற்குத் தீனியே காரணம். முடி ஏறக்குறைய முழுவதும் புரதத்தால் ஆனது. நாய் உண்ணும் புரதத்தில் சுமார் கால் பங்கைத் தோலும் முடியுமே எடுத்துக்கொள்கின்றன. நம் வீடுகளில் நாய்க்குக் கிடைப்பதோ பழைய சோறும் நீர்த்த மோரும். இரவெல்லாம் பட்டியைச் சுற்றிவரும் நாய்க்கு அது வயிற்றை நிரப்பும், முடிக்கு உதவாது. சோற்றோடு வேகவைத்த முட்டை, மீன் அல்லது கோழிக் குடல், ஈரல் போன்ற கழிவை வேகவைத்துச் சேர்க்க வேண்டும். கோழிக்கடையில் இவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். எலும்பை வேகவைத்துப் போடக் கூடாது; உடைந்து குடலைக் குத்தும். அசைவம் இல்லாத வீடுகளில் குழைய வேகவைத்த பருப்பும் தயிரும் ஓரளவு ஈடுசெய்யும். முட்டையைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், முடிக்கு வேண்டிய பயோட்டின் என்ற உயிர்ச்சத்தை வெள்ளைக் கரு உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும்.

இவற்றோடு 15 முதல் 20 கிலோ எடையுள்ள நாய்க்குத் தினம் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெயைச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். தோலின் மினுமினுப்புக்கு வேண்டிய லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவில் உள்ளது. தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்தே நாளில் பலன் இல்லை என்று நிறுத்துபவர்களே அதிகம். வயிற்றில் புழு இருந்தால் நல்ல தீனியும் வீணாகும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் கேட்டு எடைக்கேற்ற குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

தினமும் சீப்பாலோ சுத்தமான தேங்காய் நாராலோ முடி படிந்த வாக்கில் தேய்த்துவிட்டால், வீட்டுக்குள் விழ வேண்டிய முடி வெளியிலேயே கழன்றுவிடும். இதைத் தோட்டத்தில் வைத்துச் செய்வது நல்லது. நோயில்லாத நாயின் முடியை எருக்குழியில் போடலாம். தழைச்சத்து மிகுந்தது, மட்க நாளாகும், அவ்வளவே. குளிப்பாட்டுவது 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை போதும். துணி சோப்பு வேண்டவே வேண்டாம்.

பயிர் மருந்து நாய்க்கு நஞ்சு

உண்ணிக்கும் சொறிக்கும் பயிர் மருந்தைப் பூசும் வழக்கம் இன்னும் மறையவில்லை. முன்பெல்லாம் பி.எச்.சி. தூளை மாட்டுக்கும் நாய்க்கும் தூவினார்கள்; அது 1997-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. இன்று கைக்கு அகப்படுவது வேறு மருந்து, ஆபத்து அதேதான். மருந்து தோல் வழியாக உள்ளே போகும். நாய் நக்குவதால் வாய் வழியாகவும் போகும். எச்சில் வழிதல், உடல் நடுக்கம், தள்ளாட்டம் கண்டால் உடனே நிறையத் தண்ணீரும் சோப்பும் இட்டுக் கழுவிவிட்டு, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்வது அவசியம். வண்டியின் கழிவு ஆயிலைச் சொறிக்குப் பூசுவதும் இதே வகைத் தவறுதான். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசிமருந்தை அளவறியாமல் நாய்க்குப் போட்டாலும் உயிருக்கு ஆபத்து.

நாய்க்கென்றே உள்ள மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. கழுத்தில் விடும் சொட்டு மருந்தும், மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் மாத்திரையும் உண்ணி, தெள்ளு, சொறி ஆகியவற்றுக்கு உள்ளன. மாத்திரை விலை சற்று அதிகம். எதுவாயினும் எடை பார்த்து மருத்துவர் சொன்ன அளவே. நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போடக் கூடாது.

நாயின் மேல் மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் இடத்தின் வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடித்து, பழைய சாக்கை எரித்துவிட வேண்டும். சொறிக்கு ஒரே வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்க வேண்டும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் ஒரே மாதத்தில் திரும்பி வரும். மருத்துவர் சொன்ன தவணை முழுவதையும் முடித்தால், வழுக்கையான இடத்தில் சில வாரங்களில் புதுமுடி தலைகாட்டும்.