பாசிச் சக்கையும் கண்மாய் மீனும்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு விட்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, புண்ணாக்கு விலை கட்டுபடியாகல. பாசிக் கம்பெனிச் சக்கையப் போட்டா மீன் வளருமா?”

மதுரையில் கேட்க வேண்டிய கேள்விதான். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் 1960களிலிருந்தே மதுரை வட்டார ஆலைகளுக்கு வருகின்றன. கழுவி, வேகவைத்து, வடித்து, வடித்ததை உறையவைத்து, பிறகு இளகவிட்டுக் காயவைத்தால் அகர். ஜிகர்தண்டாவில் விழும் கடற்பாசி இதுதான். உலர்ந்த பாசியில் பாதிக்கும் குறைவாகத்தான் அகர் கிடைக்கும். துணியில் தங்குவது சக்கை.

அந்தச் சக்கையை விரலில் தேய்த்துப் பாருங்கள். நார் நாராக வரும். சில ஆலைகளில் வடிப்பதற்காகச் சேர்க்கிற பெர்லைட் துகளும் நெருடும். சக்கையில் பெரும்பகுதி நார்ச்சத்தும் தாதுஉப்பும்தான். புரதம் கொஞ்சம். வளர்ப்புக் கெண்டைக்குத் தீவனத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை புரதம் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் சுமார் 40 சதவீதம் இருக்கிறது. அந்த இடத்தைச் சக்கை பிடிக்க முடியாது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இரைப்பை என்று தனியாக எதுவும் கிடையாது, நீளக் குடல்தான். கெட்டி நாரைச் செரிக்கத் திணறும். நிறையக் கலந்தால் வயிறு நிறையும், எடை ஏறாது.

அப்படியென்றால் வீண்தானா? இல்லை. சக்கையில் பிசின்போல ஒரு பசை மிச்சமிருக்கும். நம்மூரில் தவிட்டையும் புண்ணாக்கையும் துளை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறோம். அதில் ஒரு பங்கு மீன் வாய்க்குப் போகாமலே கரைந்து தண்ணீரைக் கெடுக்கிறது. சக்கையைக் காயவைத்து, அரைத்து, சிறு அளவில் சேர்த்து உருண்டை பிடித்தால் கரைவது குறைய வாய்ப்பிருக்கிறது. சேர்த்த உருண்டை ஒன்று, சேர்க்காதது ஒன்று என்று இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தால், எது முதலில் கலங்குகிறது என்பது தெரிந்துவிடும். என் கணக்கில் சக்கைக்குச் சரியான வேலை இதுதான்.

இன்னொரு வழியும் உண்டு: சக்கையைப் புளிக்கவைத்தால் நார் ஓரளவு உடையும். ஜப்பானில் நொதி, லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட் மூன்றையும் பாசியில் சேர்த்துப் புளிக்கவைத்துத் தீவனமாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டக்கோரை என்கிற பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுத்த சக்கையை, ஆர்சனிக் அளவைச் சோதிக்காமல் குளத்துக்குள் விடக்கூடாது. பழுப்புப் பாசிகள் அதைக் கடலிலிருந்து சேர்த்துவைக்கும். அகர்ச் சக்கையையும் உப்பும் அமிலமும் போகக் கழுவியாக வேண்டும்.

மானாமதுரையில் ‘பெப்சி பாசி’ என்கிற வளர்ப்புப் பாசியைப் பச்சையாகப் பிழிந்து, சாற்றைப் பயிர் ஊக்கியாகவும், மிச்சத்தைக் கராஜீனன் எடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். பாவ்நகர் உப்பு, கடல்வேதியியல் ஆய்வு நிறுவனம் கொடுத்த வழி அது. சக்கைக்கும் அப்படி ஒரு வழி ஆலைக்குள்ளேயே வேண்டும். ஈரச் சக்கையில் பெரும்பாலும் தண்ணீர்தான். வாடகை கொடுத்து ஏற்றிவந்தால் கண்மாய்க்காரருக்குக் கட்டாது, சீக்கிரம் நாறியும் போகும். 2023இல் ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். சக்கைக்கென ஒரு காயவைக்கும் களமும், பரிசோதனைக்கூடமும் அங்கேயே அமைந்தால், தம்பி தைரியமாக ஒரு மூட்டை வாங்கி, முதலில் ஒரு சின்னக் குட்டையில் போட்டுப் பார்க்கலாம்.