குடியை விட்டவரின் கடன்

குடியின் கேடுகளைப் பற்றிப் பள்ளி நாள் தொட்டே நாம் கட்டுரை எழுதி வருகிறோம். வள்ளுவப் பெருந்தகையும் கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும், குடியை விட்ட ஒருவர் தம்மால் துன்புற்றவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. சாராயக் கடைகளுக்குக் குறைவில்லாத புதுவையில் வாழும் நமக்கு இது மிகத் தேவையான கேள்வி. ஆதலின் அதனை இங்கே சுருக்கமாக விளக்க முற்படுகிறேன்.

பன்னிரண்டு படிகள்

அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தனர். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். அவர்கள் தொடங்கிய இயக்கமே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் பன்னிரண்டு படிகள் 1939-இல் நூலாக வெளிவந்தன. 1957-இல் இயக்கம் பம்பாயில் வேரூன்றியது.

இப்படிகளுள் எட்டாவதும் ஒன்பதாவதும் நம் கேள்விக்கு விடை தருகின்றன. தம்மால் தீங்குற்றோர் அனைவரையும் பட்டியலிட்டு, ஈடு செய்ய மனம் இசைதல் எட்டாம் படி. இயன்ற இடங்களில் நேரில் சென்று ஈடு செய்தல் ஒன்பதாம் படி. அதனால் அவருக்கோ பிறருக்கோ தீங்கு நேருமாயின் தவிர்க்க வேண்டும் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. தன் மனப்பாரத்தை இறக்குவதற்காகப் பிறர் குடும்பத்தில் புயலைக் கிளப்புவது ஈடாகாது அன்றோ?

டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10-ஐயே இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று ஓர் அறுவை சிகிச்சையை முடித்தவர் உடனே வீடு திரும்பவில்லை. தொழில் கெட்டுவிடுமே என்று அதுவரை யாரைக் கண்டு அஞ்சினாரோ, அவர்களையே தேடிச் சென்று உண்மையைக் கூறினார்.

மன்னிப்பும் ஈடும்

ரெட்டியார்பாளையத்தில் வாழும் என் பெரியப்பா ஒரு கொத்தனார். குடியை விட்டு நான்காண்டுகள் ஆகின்றன. பெயர் கூறாமை அவ்வியக்கத்தின் மரபாதலால் நானும் கூறவில்லை. முதல் மாதம் அவர் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டபோது, "இதை நூறு தரம் கேட்டாச்சு. சனிக்கிழமைக் கூலி முழுசா வீட்டுக்கு வரட்டும், அது போதும்" என்றார் பெரியம்மா. ஈடு என்பதன் முழு விளக்கமும் அவ்விரு வரிகளில் அடங்கிவிட்டது எனலாம். மளிகைக் கடைப் பாக்கி மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தீர்ந்தது. அடகு வைத்த சங்கிலி மூன்றாம் ஆண்டில் மீண்டது. ஆனால் அவருடைய மூத்த மகன் இன்றுவரை அவரோடு பேசவில்லை. பெரியப்பா அவரை வற்புறுத்துவதும் இல்லை. ஈடு செய்வது கடமை. அதற்கு விலையாக மன்னிப்பைக் கேட்க உரிமையில்லை என்பது அவர் கருத்து.

குடிநோய் ஒருவரோடு நிற்பதில்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் வழிகாட்டல் தரப்படுகிறது. புண்பட்டவருக்கும் மருந்து வேண்டும் என்பதே இதன் பொருள்.

தனக்குத் தானே

பட்டியலில் பலர் எழுத மறக்கும் பெயர் தம் பெயரே. வேளைக்கு உண்ணுதல், உறங்குதல், மருத்துவரிடம் உடலைக் காட்டுதல், கைவிட்ட தொழிலை மீண்டும் தொடங்குதல் ஆகியன தனக்குச் செய்யும் ஈடு. 'நான் பாவி' என்று ஓயாது தன்னையே நொந்துகொள்வது ஈடாகாது. அந்த நோவே பலரை மீண்டும் கடை வாசலுக்கு இழுத்துச் செல்கிறது. அன்றாடம் தன்னை ஆராய்ந்து, பிழை கண்டால் உடனே ஒப்புக்கொள்ளச் சொல்லும் பத்தாம் படி, பழைய கடன் தீரும்போது புதுக் கடன் சேராமல் காக்கிறது.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே! இத்தகைய ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றால், மன்னித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை. ஆனால் அவர் சொல்வதைக் கேட்கலாம். எள்ளி நகையாடாமல் இருக்கலாம். திருமண வீட்டில் "ஒரு கிளாஸ்தானே" என்று அவர் கையில் திணிக்காமலும் இருக்கலாம். கடனை அடைக்க வருபவருக்கு வழிவிடுவது நம் கடமையாகும்.