ஒன்றரை செக்கன் காத்திருக்கும் முள்

இந்தக் கிழமை எபிசோட்டில போன் பற்றரியை ஆர் குடிக்கிறது எண்டு கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு விசயம் இங்க.

சுவிஸ் ரயில் நிலைய மணிக்கூட்டை வடிவாப் பாருங்கோ. சிவப்பு செக்கன் முள் ஏறத்தாழ 58.5 செக்கனில் ஒரு சுற்றை முடித்துவிட்டு, உச்சியில் நிற்கும். நிமிட முள் துள்ளியதும் திரும்ப ஓடும்.

அந்த மணிக்கூட்டை 1944இல் வடிவமைத்தவர் எஸ்பிபி பொறியியலாளர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர். சிவப்பு முள் 1953இல் வந்தது. தலைமை மணிக்கூடு நிமிடத்துக்கு ஒரு மின்துடிப்பு மட்டும்தான் அனுப்பும். செக்கன் முள்ளைச் சுற்றுவது அதனுடைய சொந்த மோட்டர். அது கொஞ்சம் வேகமாக ஓடி, அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கும். அதனால் 60 சிக்னல் தேவையில்லை, ஒன்று போதும். பிழையும் சேராது, நிமிடத்துக்கொருக்கா எல்லாம் சரியாகிவிடும்.

இப்ப எங்கட அப்புகளுக்கு வருவம். பஸ் நேரம் காட்டும் அப் ஒன்றை எடுங்கோ. சேர்வர் ‘இன்னும் 4 நிமிசம்’ எண்டு அனுப்பினால், அடுத்த நிமிசம் ‘3’ எண்டு திரும்ப அனுப்ப வேணும். ‘07:42’ எண்டு அனுப்பினால்? மிச்சத்தைப் போனே கணக்குப் பார்க்கும். பஸ் பிந்தினால் மட்டும் புதுத் தகவல் அனுப்பினால் காணும்.

ஒவ்வொரு அப்பும் தனக்கெண்டு டைமர் வைத்தால், தூங்குகிற போனை ஆளாளுக்குத் தட்டி எழுப்புகிற மாதிரித்தான். இதனால்தான் 2013இல் வந்த ஆண்ட்ராய்ட் 4.4, அலாரங்களைச் சேர்த்து ஒரே தரத்தில் எழுப்பத் தொடங்கியது. இன்றைய வொர்க்மனேஜர், திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்கு 15 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளி தராது. ஒன்று கவனம்: எல்லாப் போனும் ஒரே செக்கனில் கேட்டால் சேர்வர் திணறும். ஆளுக்குச் சில செக்கன் தள்ளி விடுங்கோ.

இது வெறும் கோட் அழகு இல்லை. விடிய முதலே கிளீனிங் வேலைக்குப் போற எங்கட அம்மா அப்பாமாரிட்ட இருக்கிறது பழைய போன். வேலை முடியுமுன்னம் பற்றரி செத்தால், அடுத்த பஸ் எப்ப எண்டு பார்க்கவும் வழியில்லை, வீட்டுக்குச் சொல்லவும் வழியில்லை.

உங்கட கோட்டில எத்தினை டைமர் ஓடுது எண்டு இண்டைக்கு எண்ணுங்கோ. ஒவ்வொண்டுக்கும் ஒரு கேள்வி: இதைப் போன் தானே கணக்குப் பார்க்க ஏலாதா?